லினக்ஸில் எழுதிய புரோகிராமை விண்டோஸ் கணினியில் ஓட வைப்பது: கிராஸ் கம்பைல் வழிகாட்டி

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடை. ஷீட் எடை, ஒட்டுப்பால் எடை, அன்றைய விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டேன். என் வீடு நாகர்கோவிலில். என் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு மட்டும். கடையில் இருப்பது விண்டோஸ். பஸ்ஸில் போய்வர அரை நாள் ஆகும். மூன்று தடவை பென் டிரைவோடு போனேன், மூன்று தடவையும் வேலை முடியாமல் திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் காரணம் வேறு. அந்த மூன்று பயணமும் உங்களுக்கு வேண்டாம்.

கிராஸ் கம்பைல் என்றால், ஒரு இயங்குதளத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு இயங்குதளத்தில் ஓடக்கூடிய கோப்பை உருவாக்குவது. இங்கே நான் சொல்வது லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. ஒரு வரி எழுதும் முன் கடைக் கணினியைப் பாருங்கள்

என் முதல் பயணம் வீணானது இதனால்தான். வீட்டில் அழகாக 64-பிட் கோப்பு தயாரித்துக் கொண்டு போனேன். கடையில் இருந்தது 32-பிட் விண்டோஸ் 7. இரண்டு முறை கிளிக் செய்ததும், இந்தக் கோப்பு உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன மக்ளே, ஓடலியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதில் ஒரு பொறி உண்டு. கணினியின் பிராசசர் 64-பிட்டாக இருக்கும், அதில் போட்டிருக்கும் விண்டோஸ் 32-பிட்டாக இருக்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் ஐகானில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால், சிஸ்டம் டைப் என்ற வரியில் விண்டோஸ் எத்தனை பிட் என்று இருக்கும். அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு ஒரு நிமிட வேலை, உங்களுக்கு அரை நாள் மிச்சம்.

போட்டோவோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை: அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, என்ன ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறார்கள், பிரிண்டர் எது, இன்டர்நெட் உண்டா, ரேம் எவ்வளவு. பாஸ்வேர்டு மார்த்தாண்டத்தில் இருக்கும் சர்வீஸ் பையனிடம்தான் உண்டு என்று கடைக்குப் போன பிறகு தெரிய வந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

எந்தக் கணினி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 32-பிட் கோப்பே தயாரியுங்கள். 32-பிட் கோப்பு 64-பிட் விண்டோஸிலும் ஓடும், 64-பிட் கோப்பு 32-பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11 என்றால் கவலையே இல்லை, அது 64-பிட்டாக மட்டுமே வருகிறது.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. முடிந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஆனால் மாற்றும் வரை வேலை நிற்காது. எடை போடும் கடையில் நாளைக்கும் ஷீட் வரும்.

2. மொழியைத் தேர்வு செய்வது

சி அல்லது சி++ என்றால் வழி சீரானது, கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கோ மொழியில் எழுதினால் கிராஸ் கம்பைல் செய்வது இன்னும் எளிது. ஜிஓஓஎஸ் என்ற மாறிக்கு விண்டோஸ் என்றும், ஜிஓஆர்ச் என்ற மாறிக்கு 386 அல்லது ஏஎம்டி64 என்றும் கொடுத்து கோ பில்ட் போட்டால் போதும். தனியாகக் கம்பைலர் எதுவும் தேவையில்லை. இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். கோ 1.20 தான் விண்டோஸ் 7-இல் ஓடும் கோப்பைத் தரும் கடைசிப் பதிப்பு. 1.21-இலிருந்து விண்டோஸ் 10 வேண்டும். இரண்டாவது, கிராஸ் கம்பைல் செய்யும்போது கோ தானாகவே சி-கோ வசதியை அணைத்துவிடும். உங்கள் புரோகிராம் சி லைப்ரரி எதையாவது இழுத்திருந்தால் அந்த இடத்தில் இடறும். அப்போது அந்த வசதியை நீங்களே இயக்கி, கீழே சொல்லும் மின்ஜிடபிள்யூ கம்பைலரைக் காட்ட வேண்டும்.

ரஸ்ட்டும் இதே போலத்தான். 2024 மே மாதம் வந்த 1.78 பதிப்பிலிருந்து அதன் வழக்கமான விண்டோஸ் இலக்குகளுக்கு விண்டோஸ் 10 தேவை.

பைத்தானில் எழுதுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பைஇன்ஸ்டாலர் கிராஸ் கம்பைலர் அல்ல. லினக்ஸில் ஓட்டினால் லினக்ஸ் கோப்புதான் வரும். விண்டோஸ் கோப்பு வேண்டுமென்றால் விண்டோஸ் கணினியில்தான் அதை ஓட்ட வேண்டும். கையில் விண்டோஸ் இல்லையென்றால், உங்கள் மூலக்கோடு (சோர்ஸ் கோட்) பொதுவில் இருக்கலாம் என்றால், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தரும் இலவச விண்டோஸ் இயந்திரத்தில் கட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் 7 என்றால் பைத்தான் 3.8-ஐத் தாண்ட வேண்டாம்.

மேக் கணினிக்கும் இதே போலச் செய்யலாமா என்று கேட்பார்கள். ஆப்பிளின் எஸ்டிகே (புரோகிராம் எழுதத் தேவையான கருவித் தொகுப்பு) உரிமம் அதை ஆப்பிள் கணினிகளில் பயன்படுத்தவே அனுமதிக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் மேக் வைத்திருக்கும் நண்பரைத் தேடிக்கொள்வதே நல்லது.

3. கருவியை நிறுவுதல்

மின்ஜிடபிள்யூ என்பது லினக்ஸில் இருந்தபடி விண்டோஸ் கோப்பு தயாரிக்கும் கம்பைலர். உபுண்டு, டெபியன் இரண்டிலும் அதை நிறுவும் கட்டளை இதுதான்: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64. செலவு எதுவும் இல்லை. பதிவிறக்கம் பெரியது, அதனால் மொபைல் டேட்டாவில் செய்பவர்கள் அன்றைய டேட்டா முழுதாக இருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். டிஸ்க்கில் ஒன்றிரண்டு ஜிபி காலியாக இருக்கட்டும். எங்கள் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கரண்ட் போய் வரும் நாட்களில் லேப்டாப் சார்ஜ் பார்த்துத் தொடங்கினால், நிறுவும் பாதியில் நின்று ஆப்ட் சிக்கிக்கொள்ளாது.

நிறுவி முடித்ததும் கம்பைலர்களின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 32-பிட்டுக்கானது ஐ686-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32-ஜிசிசி. 64-பிட்டுக்கானது எக்ஸ்86_64-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32-ஜிசிசி. இரண்டிலும் 64 என்ற எண்ணும் உண்டு, 32 என்ற எண்ணும் உண்டு. அவற்றைப் பார்க்கவே பார்க்காதீர்கள். முதல் சொல் மட்டும்தான் கணக்கு. ஐ686 என்றால் 32-பிட், எக்ஸ்86_64 என்றால் 64-பிட்.

சி++-இல் த்ரெட் பயன்படுத்தினால் இன்னொரு விஷயம். இந்தக் கம்பைலர் வின்32, பாசிக்ஸ் என்று இரண்டு வகையாக வரும். வின்32 வகையின் பழைய பதிப்புகளில் எஸ்டிடி த்ரெட், மியூடெக்ஸ் எதுவும் இருக்காது. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று கம்பைலர் சொல்லும், நாம் நம் கோடைத் திருத்திக்கொண்டே இருப்போம். கட்டளையின் கடைசியில் -பாசிக்ஸ் என்று சேர்த்து அந்த வகையையே கூப்பிட்டால் தீர்ந்தது.

4. ஐந்து வரிப் புரோகிராமோடு தொடங்குங்கள்

உங்கள் முழுப் புரோகிராமையும் எடுத்து நேரே உள்ளே விடாதீர்கள். ஒரு வணக்கம் அச்சிடும் கோப்பைக் கம்பைல் செய்து, ஃபைல் என்ற கட்டளையை அதன் மேல் ஓட்டுங்கள். பிஇ32 என்று வந்தால் 32-பிட் விண்டோஸ் கோப்பு. பிஇ32+ என்று வந்தால் 64-பிட். இஎல்எஃப் என்று வந்தால் தவறி லினக்ஸ் கம்பைலரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு சோதனை என் முதல் பயணத்தைத் தடுத்திருக்கும்.

இங்கே பெரும்பாலோருக்கு வரும் முதல் பிழை ஹெட்டர் கோப்பின் பெயர். விண்டோஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதம் இல்லை, லினக்ஸில் உண்டு. விண்டோஸ்.எச் என்பதை முதல் எழுத்தைப் பெரிதாக்கி எழுதியிருந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று வரும். மின்ஜிடபிள்யூ தரும் ஹெட்டர்களை முழுக்கச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். அதே போல, -எல்டபிள்யூஎஸ்2_32 மாதிரியான லைப்ரரிப் பெயர்கள் கட்டளையில் உங்கள் கோப்புகளுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

5. டிஎல்எல்: இரண்டாவது பயணத்தை விழுங்கியது

இந்த முறை 32-பிட் கோப்பு, கச்சிதமாகக் கொண்டு போனேன். லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் இல்லை என்று சொல்லி நின்றது. டிஎல்எல் என்பது புரோகிராம் ஓடும்போது தேடி எடுத்துக்கொள்ளும் லைப்ரரிக் கோப்பு. வீட்டில் வைனில் (விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டும் கருவி) ஓடியதே என்று யோசித்தால், பல நாட்களுக்கு முன்னால் நானே அந்த டிஎல்எல்களை வைன் ஃபோல்டருக்குள் போட்டு வைத்திருந்தேன். போட்டதை மறந்துவிட்டேன்.

மின்ஜிடபிள்யூ கொண்டு கம்பைல் செய்த சி++ புரோகிராம், வழக்கமாக மூன்று கோப்புகளைத் தேடும்: லிப்எஸ்டிடிசி++-6, லிப்ஜிசிசி_எஸ் என்று தொடங்கும் ஒன்று, லிப்வின்பித்ரெட்-1. இவை விண்டோஸோடு வருவதில்லை. இரண்டு தீர்வுகள் உண்டு. மூன்றையும் உங்கள் இஎக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் வைப்பது ஒன்று. கம்பைல் செய்யும்போதே -ஸ்டாட்டிக் கொடுத்து எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிடுவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கடையில் யாராவது இஎக்ஸ்இ-யை மட்டும் டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்வார்கள், நிச்சயம் செய்வார்கள். கோப்பு ஒன்றாக இருந்தால் அப்போதும் ஓடும். கோப்பு பெரிதாகிறது என்று தோன்றினால் -எஸ் சேர்த்தால் பிழை தேட உதவும் பெயர்க் குறிப்புகள் (சிம்பல்கள்) நீங்கி ஓரளவு குறையும்.

முழுக் கட்டளை இப்படி இருக்கும்: ஐ686-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32-ஜி++ -ஓ2 -ஸ்டாட்டிக் -எஸ் -ஓ கடை.இஎக்ஸ்இ கடை.சிபிபி. -ஓ2-இல் வரும் ஓ பெரிய எழுத்து, தனியே வரும் -ஓ சிறிய எழுத்து.

பிறகு சோதியுங்கள். புரோகிராம் எந்த லைப்ரரிகளைத் தேடுகிறது என்று காட்ட லினக்ஸில் பழகிய எல்டிடி இங்கே உதவாது. ஐ686-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32-ஆப்ஜ்டம்ப் -பி கடை.இஎக்ஸ்இ என்று கொடுத்து, வரும் பட்டியலில் டிஎல்எல் நேம் என்ற வரிகளை மட்டும் பாருங்கள். கெர்னல்32, யூசர்32, ஜிடிஐ32, எம்எஸ்விசிஆர்டி, டபிள்யூஎஸ்2_32 போன்றவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள், அவை இருக்கலாம். லிப் என்று தொடங்கும் ஒரு பெயர் இருந்தாலும் பஸ் ஏறாதீர்கள்.

வெளி லைப்ரரிகளைப் பற்றி: ஆப்ட்டில் நீங்கள் வழக்கமாக நிறுவும் லைப்ரரிகள் இதற்குப் பயன்படாது, அவை லினக்ஸுக்கானவை. ஒவ்வொன்றையும் மின்ஜிடபிள்யூ கொண்டு தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும். பழைய பாணி கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் உள்ளவற்றுக்கு --ஹோஸ்ட் என்று கொடுத்து கம்பைலரின் நீண்ட பெயரில் -ஜிசிசி-க்கு முந்தைய பகுதியைச் சொல்ல வேண்டும். சிமேக் என்றால் சிஸ்டம் நேம் விண்டோஸ் என்று சொல்லும் டூல்செயின் கோப்பு ஒன்று வேண்டும். இதில் லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் குறுக்கே புகுந்து லினக்ஸ் லைப்ரரியின் பாதையைக் காட்டிவிடும், அதையும் கவனியுங்கள். புதியவர்களுக்கு என் யோசனை, மூலக்கோடு ஒரே கோப்பாகக் கிடைக்கும் லைப்ரரியாகப் பார்த்து எடுங்கள். கணக்கு வைக்க நான் எடுத்த எஸ்கியூலைட் அப்படிப்பட்டது. ஒரே சி கோப்பு, உங்கள் கோப்போடு சேர்த்துக் கம்பைல் செய்தால் முடிந்தது.

6. கம்பைல் ஆகும், ஓடும், ஆனால் தவறாக ஓடும்

மூன்றாவது பயணத்தில் புரோகிராம் திறந்தது. அண்ணாச்சி முகத்தில் சந்தோஷம். பழைய நோட்டிலிருந்து இரண்டு மாதக் கணக்கை வீட்டிலேயே உட்கார்ந்து ஏற்றிக் கொண்டு போயிருந்தேன். திறந்து பார்த்தால் யாருடைய எடையும் சரியில்லை. ஒருவருக்குக் கோடிக் கணக்கில் பாக்கி.

அப்போது நான் எஸ்கியூலைட்டுக்கு வரவில்லை, கணக்கை ஸ்ட்ரக்ட்டாக நேரே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். எடையை வைத்திருந்தது லாங் என்ற வகையில். 64-பிட் லினக்ஸில் லாங் 8 பைட். விண்டோஸில், 32-பிட்டோ 64-பிட்டோ, லாங் 4 பைட்தான். வீட்டில் எட்டெட்டாக எழுதியதை கடையில் நான்கு நான்காகப் படித்தது. அடுத்தவர் பணத்தைத் தொடும் புரோகிராமில் இது சாதாரணப் பிழை இல்லை. கோப்பில் எழுதும் எதற்கும் லாங் வைக்காதீர்கள். இன்ட்32_டி, இன்ட்64_டி என்று அளவைச் சொல்லும் வகைகளையே வையுங்கள். டைம்_டி-யும் இப்படி அளவு மாறக்கூடியது. ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக இன்ட்64_டி-யில் வைத்தால் வட்டமாக்கும் தொல்லையும் வராது.

அடுத்தது கோப்பைத் திறக்கும் விதம். லினக்ஸில் எஃப்ஓப்பனுக்கு ஆர் என்றாலும் ஆர்பி என்றாலும் ஒன்றுதான். விண்டோஸில் பி இல்லாமல் திறந்தால் எழுதும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பைட் கூடும். படிக்கும்போது 26 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் கோப்பு முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். உரைக்கோப்பு தவிர எல்லாவற்றையும் ஆர்பி, டபிள்யூபி கொண்டே திறங்கள்.

பிரிண்ட்எஃப்-இல் %இசட்யூ, %எல்எல்டி மாதிரியானவை எம்எஸ்விசிஆர்டி-யில் குளறுபடி செய்யலாம். கட்டளையில் இரண்டு அடிக்கோடுகளோடு தொடங்கும் __யூஸ்_மின்ஜிடபிள்யூ_ஆன்சி_எஸ்டிடிஐஓ என்ற மாறிக்கு 1 என்று -டி (பெரிய எழுத்து) மூலம் கொடுத்தால் சரியாகும்.

தமிழ் எழுத்துக்கு வருவோம், பலரும் இதைக் கடைசியில் நினைக்கிறார்கள். விண்டோஸ் 7-இன் கறுப்பு கன்சோல் திரையில் தமிழைச் சரியாகக் காட்ட முடியாது. கோட் பேஜை 65001 என்று மாற்றினாலும் எழுத்துகள் கோக்காது. தமிழில் பெயர் காட்ட வேண்டுமென்றால் சாளரம் உள்ள புரோகிராமாக எழுதுங்கள், பெயர் டபிள்யூ என்று முடியும் விண்டோஸ் செயற்கூறுகளைக் கூப்பிடுங்கள், -எம்விண்டோஸ் கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். கோப்புப் பெயரே தமிழில் என்றால் எஃப்ஓப்பன் கைவிடும், _டபிள்யூஎஃப்ஓப்பன் வேண்டும். எழுத்துருவில் ஒரு சிக்கல்: விண்டோஸ் 7-இல் லதா இருக்கும், நிர்மலா யூஐ இருக்காது. விண்டோஸ் 10-இல் நிர்மலா யூஐ இருக்கும், லதா தனியாகச் சேர்த்தால்தான் வரும். புரோகிராமில் ஒரே பெயரை எழுதி வைக்காமல், எது இருக்கிறதோ அதை எடுக்கும்படி செய்யுங்கள்.

7. சோதனை

வைன் முதல் சோதனைக்கு நல்லது. 32-பிட் கோப்புக்கு ஐ386 ஆர்க்கிடெக்சரைச் சேர்த்து வைன்32 நிறுவ வேண்டியிருக்கும். சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் புது வைன் ஃபோல்டரில் ஓட்டுங்கள். வைன்பிரிஃபிக்ஸ் என்ற மாறிக்குப் புதுப் பாதை கொடுத்தால் போதும். நான் செய்த தவறு அப்போது நடக்காது.

ஆனால் கடைப் பிரிண்டரையும் ஆன்டிவைரஸையும் வைன் காட்டாது. குறைந்தது ஒரு முறையாவது உண்மையான விண்டோஸில் ஓட்டிப் பாருங்கள். 90 நாள் சோதனைக்கென்று மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் என்டர்பிரைஸ் பதிப்பை விர்ச்சுவல் பாக்ஸில் போடலாம், பணம் கிடையாது. அதைவிட எளிது, தெருவில் இருக்கும் டிடிபி கடையில் கேட்டு ஒரு பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது. கம்பைலர் எதுவும் போடாத சுத்தமான கணினி என்பதால் டிஎல்எல் பிழை இருந்தால் அங்கேயே தெரியும்.

8. கொண்டு போய்ச் சேர்ப்பது

கோப்பை ஜிமெயிலில் அனுப்ப முயலாதீர்கள். இஎக்ஸ்இ-யை ஜிப்புக்குள் வைத்தாலும் அது தடுத்துவிடும். பென் டிரைவ் நல்லது. இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய, டிஜிட்டல் கையெழுத்திடாத இஎக்ஸ்இ என்றால், விண்டோஸ் 10-இல் ஸ்மார்ட்ஸ்கிரீன் நீல நிறப் பெட்டியைக் காட்டித் தடுக்கும். மோர் இன்ஃபோ அழுத்தினால்தான் ரன் எனிவே தெரியும்.

கையெழுத்துச் சான்றிதழ் வாங்கலாமா என்றால், ஒரு கடைக்கு வேண்டாம். 2023 ஜூன் 1 முதல் அதன் ரகசியச் சாவியைத் தனி வன்பொருளில் வைக்க வேண்டும் என்பது விதி. ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும், அடையாள ஆவணங்களும் கேட்பார்கள். பத்து இருபது கடைகளுக்கு விற்கும் நிலை வந்தால் அப்போது யோசிக்கலாம். லினக்ஸிலிருந்தே கையெழுத்திட ஓஎஸ்எஸ்எல்சைன்கோட் என்ற கருவி இருக்கிறது.

கோப்பைச் சுருக்க யூபிஎக்ஸ் பயன்படுத்தாதீர்கள். ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டு அழித்துவிடும் வாய்ப்பு அதனால் கூடுகிறது.

புரோகிராமின் பெயரில் செட்டப், இன்ஸ்டால், அப்டேட் என்ற சொற்கள் வேண்டாம். மேனிஃபெஸ்ட் (என்ன அனுமதி வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32-பிட் கோப்புக்கு அப்படிப் பெயர் இருந்தால், விண்டோஸ் அதை இன்ஸ்டாலர் என்று எண்ணி அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அதே மேனிஃபெஸ்ட் இல்லாத கோப்பு புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் கணக்கை எழுத முயன்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறு இடத்தில் எழுதி வைக்கும். கணக்கு எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், பேக்கப் எடுப்பவர் வெறும் ஃபோல்டரைக் காப்பி செய்துகொண்டிருப்பார். விண்ட்ரெஸ் கருவியால் ஒரு சின்ன மேனிஃபெஸ்டை உள்ளே சேருங்கள். கணக்கை பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள்.

9. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள், ஆகும் நேரம்

உரிமம்: மின்ஜிடபிள்யூ, ஜிசிசி இரண்டும் இலவசம் என்பதால் உங்கள் புரோகிராமையும் இலவசமாகத் தர வேண்டும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஜிசிசி-யின் ரன்டைம் லைப்ரரிகளுக்கு உரிம விலக்கு உண்டு, -ஸ்டாட்டிக் கொண்டு சேர்த்தாலும் மூலக்கோடைக் காட்டாமல் விற்கலாம். எஸ்கியூலைட் யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விடப்பட்டது. ஆனால் க்யூடி போன்ற, எல்ஜிபிஎல் என்ற உரிமத்தில் வரும் லைப்ரரியை ஸ்டாட்டிக்காகச் சேர்த்தால் கூடுதல் கடமைகள் வரும், அதை டிஎல்எல்லாகத் தனியே வைப்பதே மேல். நீங்கள் சேர்த்த ஒவ்வொன்றின் உரிமத்தையும் ஒரு உரைக்கோப்பில் போட்டுக் கூடவே கொடுங்கள்.

நேரம்: நிறுவவும் ஐந்து வரிப் புரோகிராம் ஓடவும் ஒரு மாலை. வெளி லைப்ரரி இல்லாத புரோகிராமை மாற்ற இன்னும் ஒரு நாள். ஒவ்வொரு வெளி லைப்ரரிக்கும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். சோதனைக்கு ஒரு முழு நாளை ஒதுக்காமல் தேதி சொல்லாதீர்கள். கடைக்குப் போகும் நாளை நீங்கள் முடிவு செய்யாமல் அவர்களிடம் கேளுங்கள். நல்ல மழை நாளில் பால்வெட்டு இருக்காது, கடையிலும் கூட்டம் குறையும். எனக்கு அந்த நான்காவது பயணம் அப்படி ஒரு நாளில் அமைந்தது. யாரும் தராசுக்கு முன்னால் காத்து நிற்காததால் நிதானமாக உட்கார்ந்து பிரிண்டர் வரை பார்க்க முடிந்தது.

கிளம்பும் முன் வீட்டில் மூன்றைச் சேமித்து வையுங்கள்: கம்பைல் செய்த கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்ட், கம்பைலரின் பதிப்பு எண், -எஸ் போடாமல் -ஜி போட்டுக் கம்பைல் செய்த அதே புரோகிராமின் இன்னொரு பிரதி. ஆறு மாதம் கழித்து கடையிலிருந்து போன் வந்து, நின்றுபோன இடத்தின் முகவரியைப் படித்துச் சொன்னால், அந்தப் பிரதியையும் ஆட்ர்2லைன் கருவியையும் வைத்து எந்த வரி என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.